கேட்டுக்கு அடியில நுழைஞ்சு போன கார்

88-ல வந்த ஒரு படத்துல மைக்கேல் ஜாக்சன் காரா மாறித் தப்பிச்சுப் போவாரே, ஞாபகம் இருக்கா? சின்ன வயசுல கேபிள் டிவில பாத்துட்டு அது ஏதோ படத்துக்காகப் போட்ட செட்டுன்னே நெனச்சுட்டு இருந்தேன். ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அது நெஜ வண்டி, பேரு லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ, 1970-ல இத்தாலியோட டூரின் மோட்டார் ஷோவுல வெச்சது, உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான்.

டிசைன் மார்செல்லோ காந்தினி, லம்போர்கினி மியூரா கார வரைஞ்ச அதே ஆளுதான். செஞ்சது பெர்டோனேங்கற கார் டிசைன் கம்பெனி. வண்டி ஒசரம் என்ன தெரியுமா, 84 செ.மீ! டேப் எடுத்து எங்க வீட்டு டைனிங் டேபிள அளந்து பாத்தேன், 75 வந்துச்சு. அதுக்கு மேல அஞ்சாறு வெரக்கடை, அவ்ளோதான், அதுக்குள்ள இஞ்சின், சீட்டு, ரெண்டு மனுஷன். டேபிளுக்கு அடியில உக்காந்து வேற பாத்தேன், தலை இடிச்சுது, காலை நீட்டிப் படுத்தாதான் சரிவருது, வீட்ல ஒரு மாதிரி பாத்தாங்க.

கதவே கிடையாதுங்க. முன் கண்ணாடிதான் கதவு. ஸ்டீயரிங்க முன்னால தள்ளினா கண்ணாடி மேல தூக்கிக்கும், மூக்குல ஒட்டியிருக்குற கருப்பு ரப்பர் மேட்டுல காலை வெச்சு ஏறி, திரும்பி, அப்படியே சரிஞ்சு உக்காரணும். மழையில எறங்கினா சீட்டு என்னாகும்னு எவனும் கேக்கல போல. ஹெட்லைட்டும் வழக்கமான மாதிரி இல்ல, மூக்கு நுனியில சின்னச் சின்ன பல்ப வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க.

இஞ்சின் மட்டும் பழசு, லான்சியா கம்பெனியோட ஃபுல்வியா கார்ல இருந்த 1.6 லிட்டர் வி4, அத சீட்டுக்குப் பின்னாடி வெச்சுட்டாங்க. ஏன் லான்சியா இஞ்சின்னா, லான்சியா அப்பல்லாம் போட்டி டிசைன் கம்பெனியான பினின்ஃபரீனாவோட கஸ்டமர், அவங்கள எப்படியாவது நம்ம பக்கம் இழுக்கணும்னு பெர்டோனே கம்பெனி முதலாளி நூச்சியோ பெர்டோனேக்கு ஒரு கணக்கு.

அப்புறம் நடந்ததுதான் செம. லான்சியா ஆளுங்க கூப்பிட்டப்ப மனுஷன் இந்த வண்டியவே ரோட்ல ஓட்டிட்டுப் போயிருக்காரு. வாசல்ல குறுக்குக் கம்பி போட்டிருக்கு, இவரு நிறுத்தவே இல்ல, கம்பிக்கு அடியிலயே உள்ள நுழைஞ்சுட்டாரு, தொழிலாளிங்க எல்லாம் கை தட்டினாங்களாம். பக்கம் பக்கமா பிரசன்டேஷன் போட்டாலும் இந்த எஃபெக்ட் வராது.

ஆர்டரும் கெடச்சுது. ஆனா வந்தது வேற கார். ராலிக்குன்னு, அதாவது கரடுமுரடான ரோட்ல ஓட்டுற கார் பந்தயத்துக்குன்னு செஞ்ச ஸ்ட்ராடோஸ், ஃபெராரி டீனோவோட 2.4 லிட்டர் வி6, சாதாரணமா பக்கவாட்டுல கதவு. 1974, 75, 76 மூணு வருஷமும் உலக ராலி சாம்பியன். ஜீரோல இருந்து அதுக்குப் போனது பேரும், நடுவுல இஞ்சின் வெக்குற ஐடியாவும், அந்த ஆப்பு மாதிரி மூக்கும்தான். எனக்கு இதுல வருத்தமே இல்ல, ஜீரோவ அப்படியே செஞ்சு வித்திருந்தா முதல் வேகத்தடையிலயே கதை முடிஞ்சிருக்கும்.

பெர்டோனே கம்பெனி நொடிச்சுப் போனப்ப, 2011-ல இத்தாலியில கோமோ ஏரிக்கரையில ஜீரோவ ஏலம் விட்டாங்க, 7,61,600 யூரோவுக்குப் போச்சு. வாங்கினவரு மூக்கு மேல ஏறித்தான் உள்ள உக்காந்து பாத்திருப்பாரு, வேற வழி?