பின் டயருக்கு மில்லிமீட்டர் கணக்கு, முன் டயருக்கு வருடக் கணக்கு

ஸ்கூட்டர் டயர் எவ்வளவு தூரம் உழைக்கும் என்று கேட்டால், பின் டயர் பதினைந்தாயிரம், முன் டயர் இருபத்தைந்தாயிரம் என்று டயர் கடைக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பொத்தாம்பொதுவாகப் பார்த்தால் அந்தக் கணக்கில் பெரிய பிழையில்லை. ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் டயரை இந்த மாதம் கழற்றலாமா, அடுத்த ஆண்டு வரை விடலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. ஆகவே, 2022 செப்டம்பரில் என் ஆக்டிவா 6ஜி வண்டிக்கு முதன்முறையாகப் பின் டயர் மாற்றியபோதே, அந்தப் புது டயரின் தேய்மானத்தை வெர்னியர் காலிப்பர் கொண்டு அளந்து குறித்துக்கொண்டு வருவது என்று முடிவு செய்தேன். 2025 செப்டம்பர் இறுதியில் முன்னும் பின்னும் ஒருசேர மாற்றியதோடு அந்தப் பதிவு ஒரு சுற்று நிறைவடைந்திருக்கிறது.

வண்டி ஓடுவது மதுரையில். திருநகரிலிருந்து பழங்காநத்தம், கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணி வரை சென்று திரும்புவதே அதன் அன்றாட வேலை. வேகம் நாற்பதைத் தாண்டுவது அரிது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்ப வேண்டியிருக்கும். டயரைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் நூறு கிலோமீட்டரை விட நகருக்குள் நின்று நின்று ஓடும் ஐம்பது கிலோமீட்டர் கடுமையானது என்பதை இந்தப் பதிவைப் படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கிராமத்துத் தார்ச்சாலையில் ஓடும் இதே வண்டிக்கு எண்கள் நிச்சயமாக வேறாக இருக்கும்.

அளக்கும் முறை எளிதானது. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, டயரின் நடுப் பள்ளத்தில் சில இடங்களிலும் ஓரப் பள்ளத்தில் சில இடங்களிலும் காலிப்பரின் ஆழக் கம்பியை இறக்கி, கிடைக்கும் அளவுகளின் சராசரியை எழுதிக்கொள்வேன். பள்ளத்துக்குள் சிக்கியிருக்கும் பொடிக்கல்லை முதலில் குச்சியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். டயரின் பக்கச்சுவரில் சிறு முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்துகளோ அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு நேர் மேலே பள்ளத்துக்குள் பார்த்தால், குறுக்கே ஒரு சிறு மேடு தெரியும். அதுதான் தேய்மானக் குறி. அந்த மேட்டின் மீது கம்பியை வைத்து அளந்தால் ஆழம் குறைவாகக் காட்டும் என்பதால், அந்த இடத்தைத் தவிர்த்தே அளக்க வேண்டும். இருசக்கர வாகன டயருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆம் விதி குறிப்பிடும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர், கார்களுக்கு அது 1.6. மேட்டின் தலையும் டயரின் மேற்பரப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த எல்லையைத் தொட்டாயிற்று என்று பொருள்.

புதிதாகப் போட்ட அன்று பின் டயரின் நடுப் பள்ளம் 5.4 மில்லிமீட்டர் இருந்தது. மூவாயிரம் கிலோமீட்டரில் அது 4.4 ஆயிற்று. முதல் ஆயிரங்களிலேயே ஒரு மில்லிமீட்டர் போய்விட்டதைக் கண்டு, இந்த வேகத்தில் போனால் பதினான்காயிரத்தில் டயர் மொட்டையாகிவிடும் என்றே எண்ணினேன். ஆனால் ஆறாயிரத்தில் 3.7, பத்தாயிரத்தில் 2.9, பதினைந்தாயிரத்தில் 2.1 என்று தேய்மானம் படிப்படியாக மெதுவாயிற்று. பத்தொன்பதாயிரத்தில் கடைசியாக அளந்தபோது 1.5 இருந்தது. அதாவது தொடக்கத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தது, முடிவில் அதில் பாதிக்கும் குறைவாகவே தேய்ந்தது. காரணம் புரியாததன்று. பள்ளம் ஆழமாக இருக்கும்போது இடையில் நிற்கும் ரப்பர்க் கட்டைகள் உயரமாக இருக்கின்றன. பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலேட்டர் முறுக்கும்போதும் அவை வளைந்து நெளிந்து தரையில் உரசுகின்றன. தேய்ந்து குட்டையான பிறகு அந்த நெளிவு குறைகிறது. ஆகவே புது டயர் 'சீக்கிரம் தேய்கிறதே' என்று முதல் சில மாதங்களில் யாராவது குறைபட்டுக்கொண்டால், சற்றுப் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

பின் டயர் முன்னதை விட இத்தனை விரைவாகத் தேய்வதற்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. ஸ்கூட்டரில் எஞ்சின், பெல்ட், கியர்ப் பெட்டி எல்லாம் பின் சக்கரத்தோடு சேர்ந்தே தொங்குகின்றன. ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதியும், பின்னால் அமர்பவரின் ஏறத்தாழ முழு எடையும் அங்கேதான் இறங்குகின்றன. வண்டியை உந்துவதும் அதே சக்கரம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: இந்த வண்டியில் முன் டயர் 90/90-12, பின் டயர் 90/100-10. அளவுகளைக் கொண்டு சுற்றளவைக் கணக்கிட்டால், ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் ஏறத்தாழ 680 முறை சுற்றும்போது பின் சக்கரம் ஏறத்தாழ 730 முறை சுற்றுகிறது. எடையும் கூடுதல், சுற்றும் கூடுதல். பிரேக் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் கூட்டு பிரேக் கட்டாயமாகிவிட்டதால் இடக்கை பிரேக்கைப் பிடித்தாலே முன் சக்கரத்துக்கும் ஒரு பங்கு போகிறது என்றாலும், பெரும் பங்கு பின்னால்தான் விழுகிறது. இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடிப்பவர்களின் பின் டயர் அதிக நாள் உழைக்கிறது என்பதை, என்னோடு பணிபுரிபவர்களின் வண்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தே சொல்கிறேன்.

காற்றழுத்தத்தில்தான் நான் மிகுந்த நேரம் செலவிட்டேன். இந்த வண்டிக்கு முன்னால் 22 பிஎஸ்ஐ, தனியாக ஓட்டும்போது பின்னால் 29, பின்னால் ஆள் அமர்ந்தால் 36. வழக்கமாகக் காற்றுப் பிடிக்கும் பெட்ரோல் பங்கில் இருக்கும் மீட்டர், என்னிடமுள்ள அழுத்தமானியை விட 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுகிறது என்பது ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிந்தது. அதாவது அங்கே 29 என்று பிடித்தால் டயரில் 25 தான் இருக்கும். சூடும் கணக்கில் வர வேண்டும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் ஒருநாள் விடியற்காலையில் 29 வைத்துவிட்டுக் கிளம்பினேன். பிற்பகல் வெயிலில் மாட்டுத்தாவணியிலிருந்து திரும்பி வந்து உடனே அளந்தபோது 32ஐத் தாண்டியிருந்தது. காற்று சூடேறி விரிந்ததே அது, மாயம் அன்று. அந்த நேரத்தில் கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் தளர்ந்து போயிருக்கும். அதனால் பங்கில் பிடிப்பதை விட்டுவிட்டு, சிறு கைப்பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, வாரந்தோறும் வண்டி குளிர்ந்திருக்கும்போது வீட்டிலேயே பிடித்துக்கொள்கிறேன். முதல் பின் டயரை விட இரண்டாவது கூடுதலாக உழைத்ததில் இதற்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இனி மாற்றும் முடிவுக்கு வருகிறேன். பத்தொன்பதாயிரத்தில் 1.5 மில்லிமீட்டர் மிச்சம் என்றால், சட்டம் சொல்லும் 0.8ஐத் தொட இன்னும் 0.7 இருக்கிறது, அப்போதைய தேய்மான வேகத்தில் அது மேலும் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போதும். கணக்குப்படி அடுத்த சித்திரை வரை ஓட்டியிருக்கலாம். ஆனால் நடுப் பள்ளம் 1.5 ஆக இருந்த அதே நாளில் ஓரப் பள்ளம் 3.8 இருந்தது. நேராக ஓடியே தேய்ந்த டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிடுகிறது. இரும்பு ஸ்கேல் ஒன்றைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன்: நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஸ்கேல் அசையாமல் படிந்தது, புது டயரில் அது ஒரு கோட்டளவே தொட்டு இருபுறமும் ஆடும். அந்தத் தட்டையின் விளிம்பு ஓட்டுபவருக்கு நன்றாகவே தெரியும். ரவுண்டானாவில் வண்டியைச் சாய்க்கும்போது முதலில் சாய மறுத்து, பிறகு சட்டென்று ஒரு படி இறங்குவது போல விழும். சாலையைச் சுரண்டி, புதுத் தார் போடாமல் விட்டிருக்கும் இடங்களில் பின் சக்கரம் தன் போக்கில் கோடு பிடித்துக்கொண்டு ஆடும்.

மழையும் ஒரு காரணம். மதுரையில் புரட்டாசிக் கடைசியில் மாலை மழை தொடங்கிவிடும். அதன் பின் ஐப்பசி, கார்த்திகை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஸ்கூட்டர் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வட்ட முகமும் குறுகிய அகலமும் கொண்ட இந்த டயர்களுக்கு அந்த வேகத்தில் அது எளிதில் நேராது. உண்மையான ஆபத்து முதல் மழையில் தூசியும் எண்ணெயும் குழைந்து சாலையில் படியும் மெல்லிய வழுவழுப்பும், அதற்கு மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்த நடைபாதைக் கோடுகளும்தான். அங்கே பள்ளம் ஆழமாக இருந்து நீரை வெளியே தள்ளினால் மட்டுமே ரப்பர் தரையைத் தொடும். ஆண்டு முழுவதும் வெயில் காய்ந்தால் நான் 1.5ஐக் கண்டுகொள்ளாமல் ஓட்டியிருப்பேன்; மழைக்காலத்தின் வாசலில் அப்படி ஓட்ட மனமில்லை. மேலும், டயரின் கடைசி மூவாயிரம் கிலோமீட்டரில் பஞ்சர் அடுத்தடுத்து வந்தது. தடித்த ரப்பரில் பாதியோடு நின்றிருக்கும் சிறு ஆணியும் கம்பித் துண்டும் மெலிந்த ரப்பரில் உள்ளே வரை போய்விடுகின்றன. ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிப் போட்டு ஒட்டும் செலவையும் டயரின் மிச்ச ஆயுளையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த நாலாயிரம் கிலோமீட்டர் அவ்வளவு மலிவானதாகத் தோன்றவில்லை.

முன் டயரின் கதை முற்றிலும் வேறு. வண்டியோடு வந்த அந்த டயரை நான் அளக்கத் தொடங்கியபோது 3.4 மில்லிமீட்டர் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஓடோமீட்டர் 37,000ஐ நெருங்கியபோதும் 2.3 இருந்தது. இந்த வேகத்தில் தேய்மானக் குறியைத் தொட இன்னும் இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர், என் ஓட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் ஆகும். பள்ளத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கக் குறியீடோ 0620 என்றது: முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2020ஆம் ஆண்டின் ஆறாவது வாரத்தில் செய்யப்பட்ட ரப்பர், ஐந்தரை ஆண்டுகளாக மதுரை வெயிலில் நின்றும் ஓடியும் வந்திருக்கிறது.

ரப்பர் முதிர்வதைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல், கடினத்தன்மையை அளக்கும் டியூரோமீட்டர் ஒன்றை வாங்கினேன். மலிவான கருவிதான், ஆனால் ஒரே காலையில், ஒரே நிழலில், இரண்டு டயர்களையும் ஒப்பிட அது போதும். பின்னால் புதிதாகப் போட்ட டயர் ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் 61 காட்டிய இடத்தில், கழற்றிய பழைய முன் டயர் 74 காட்டியது. நகத்தை அழுத்தினால் ஒன்றில் தடம் பதிந்து மெல்ல மறைகிறது, மற்றதில் பதிவதே இல்லை. ரிம்மை ஒட்டிப் பக்கச்சுவர் வளையும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வட்டமாக ஓடியிருந்தன. காற்றை இறக்கி விரலால் பிதுக்கியபோதுதான் அவை வாய் திறந்து தெரிந்தன. இது ஓசோனும் வெப்பமும் சேர்ந்து செய்யும் வேலை. அதைத் தடுக்க டயருக்குள் மெழுகும் வேதிப்பொருளும் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படிகின்றன. அதனால்தான் ஓடாமல் நிற்கும் வண்டியின் டயரில் சீக்கிரம் வெடிப்பு விழுகிறது. வாட்டர் வாஷ் கடைகளில் எஞ்சினுக்கு டீசல் அடிக்கும்போது அது டயரிலும் தெறித்து ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கிறது. நான் அங்கே டீசல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பளபளப்புக்குப் பூசும் பாலிஷும் எனக்கு உடன்பாடில்லாதது. அது தரையைத் தொடும் பகுதியில் வழிந்துவிட்டால் முதல் வளைவிலேயே வழுக்கும்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கொரு முறை சோதிப்பது, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாதிருப்பது என்பதே டயர் நிறுவனங்கள் சில சொல்லும் பொதுவான வழிகாட்டல். நம் ஊர் வெயிலுக்கு நான் ஆறு ஆண்டுகளை எல்லையாக வைத்துக்கொள்கிறேன். வெடிப்புத் தெரிந்துவிட்டால் அதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் சக்கரத்துடையது. கெட்டிப்பட்ட ரப்பரை அங்கே வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் புது டயர் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததால், அதற்குப் பின் வாங்குவது என்று சில வாரங்கள் பொறுத்தேன். கடையில் அளவு, ஐஎஸ்ஐ முத்திரை, உற்பத்தி வாரம் மூன்றையும் பார்த்த பிறகே டயரை ரிம்மில் ஏற்றவிட்டேன். முதலில் எடுத்துவந்த டயர் ஒன்றரை ஆண்டுப் பழையதாக இருந்தது. வேறு காட்டுங்கள் என்றதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் உள்ளே போய்ப் புதியதை எடுத்துவந்தார். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். டியூப்லெஸ் டயர் என்பதால் வால்வையும் கூடவே மாற்றச் சொன்னேன். சில பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பழைய வால்வின் அடிரப்பர் வெடித்துக் காற்றிறங்கினால் டயரை மீண்டும் கழற்ற வேண்டியிருக்கும். சுழலும் திசை காட்டும் அம்புக்குறியையும் மாட்டும்போதே சரிபார்த்துக்கொண்டேன். அவர் ஏற்றிய பின் டயர், மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா நிறுவனத்தின் யூரோகிரிப்.

புது டயரின் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும் என்பதால், முதல் இருநூறு கிலோமீட்டர் வரை வண்டியை அதிகம் சாய்க்காமலும் திடீரென்று பிரேக் பிடிக்காமலும் ஓட்டினேன். ரவுண்டானாவில் இருந்த அந்தப் படியிறக்கம் முதல் நாளே மறைந்துவிட்டது. முன் டயரின் குறியீடு 3125, பின் டயருடையது 2825. பின் டயரின் தொடக்க ஆழம் இம்முறை 5.6. முன் டயருடையது 4.5, அதன் ஷோர் ஏ அளவு 62. மூவாயிரம் கிலோமீட்டர் அளவை பங்குனி மாத வாக்கில் எடுக்க வேண்டியிருக்கும். முன் டயருக்கு ஆழத்தோடு கடினத்தன்மையையும் ஆறு மாதத்துக்கொரு முறை குறித்து, எந்த ஆண்டில் அது எழுபதைத் தாண்டுகிறது என்று பார்ப்பதே அடுத்த சுற்றின் வேலை.