நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய காலம்

2023 நவம்பர் 5, ஞாயிறு

குடிவரவுத் தடுப்பு முகாமில் தம்பியைப் பார்த்து வந்தேன். மெலிந்துவிட்டான். சப்பாத்து வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "நடந்து போறதுக்கு இடம் எங்க கிடக்கு, அக்கா?" என்றான்.

நவம்பர் 7, செவ்வாய்

மெல்பேர்னில் குதிரைப் பந்தய விடுமுறை. கன்பராவில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வாதங்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வழக்காளி மியன்மாரிலிருந்து வந்த, நாடற்ற ஒரு ரோஹிங்கியர். என் இசட் வை கியூ என்ற நான்கு எழுத்துகளே அவருடைய பெயர். தம்பியையும் படகால் இறங்கிய நாளில் எழுத்தும் இலக்கமுமாகத்தான் பதிந்தார்கள். அம்மாவுக்கு அதை இன்றுவரை நான் சொல்லவில்லை. அந்த மனிதர் செய்த குற்றத்தையும் அதற்கான சிறைத்தண்டனையையும் வாசித்த பிறகு அவருக்காக மன்றாட நாக்கூசுகிறது, ஆனாலும் மன்றாடினேன்.

1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு விசா இல்லாதவரைப் பிடிக்கச் சொல்கிறது. 196ஆம் பிரிவோ விசா கிடைக்கும் வரை அல்லது நாட்டைவிட்டு அனுப்பும் வரை அடைத்து வைக்கச் சொல்கிறது. தம்பியை அகதி என்று ஏற்றுக்கொண்டதால் இலங்கைக்கு அனுப்ப முடியாது, விசாவும் தரமாட்டார்கள் என்றால், அந்த 'வரை' எங்கே போய் முடியும்? 2004இல், அல்-காதெப் என்ற நாடற்றவரின் வழக்கில், முடிவே தெரியாமல் வைத்திருந்தாலும் சட்டப்படி சரி என்று நால்வர் சொல்ல, மூவர் மறுத்திருக்கிறார்கள். ஒரேயொரு நீதிபதி!

நவம்பர் 8, புதன்

அல்-காதெப் தீர்ப்பு போய்விட்டது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எதிர்காலத்தில் ஒருவரை அனுப்பிவைக்கும் வாய்ப்பு உண்மையில் இல்லையென்றால் அவரை அடைத்து வைக்க முடியாது. காரணங்களைப் பிறகு வெளியிடுவார்களாம். அம்மாவுக்கு அழைப்பெடுத்தேன்; மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.

நவம்பர் 13, திங்கள்

பக்கத்து அறைக்காரரை விட்டுவிட்டார்கள். தம்பியை இல்லை.

நவம்பர் 16, வியாழன்

வெளியே வந்தவர்களின் கணுக்காலில் கண்காணிப்புப் பட்டி கட்டவும், இரவில் அவர்களை வீட்டுக்குள் அடங்கியிருக்கச் செய்யவும் நாடாளுமன்றம் ஒரே நாளில் சட்டம் நிறைவேற்றிவிட்டது. பத்தொன்பது ஆண்டுகள் அசையாதிருந்தவர்களுக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. தம்பி தொலைபேசியில் சிரித்தான்: "பட்டி கட்டினா அந்தச் சப்பாத்துக் கொள்ளுமோ, அக்கா?"

நவம்பர் 28, செவ்வாய்

காரணங்கள் வெளியாகிவிட்டன. அனுப்ப வழியில்லாதவரை அடைத்து வைப்பது தண்டனையாகிவிடுகிறது. தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது, அரசுக்கு அல்ல. இதில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக நின்றிருக்கிறார்கள்.

தம்பியை ஏற்க மூன்றாவது நாடொன்று முன்வருமா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். அந்த விசாரணை நீளும்வரை 'வாய்ப்பு இருக்கிறது' என்று வாதிடலாம் என்கிறார் சட்டத்தரணி. எந்த நாடு என்று கேட்டேன். அது அவருக்கும் சொல்லப்படவில்லை.

டிசம்பர் 2, சனி

எட்டாம் அளவில் கறுப்புச் சப்பாத்து வாங்கினேன். அவனிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

காலை ஆறரைக்குத் தம்பியின் அழைப்பு. எடுப்பதற்குள்