அப்பாவோட ஸ்கேன் டைரி

ஜூலை 22, 2024, திங்கள்

ஒருவழியா நியூரோ டாக்டர்கிட்ட அப்பாவ கூட்டிட்டு போயாச்சு. வலது கை ஆட்டம் ஆறு மாசமா இருக்கு, டிவி பாக்கறப்ப கைய மடியில வெச்சிருந்தா கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுத்துற மாதிரி தானா உருளும், டம்ளர எடுக்கப் போனா நின்னுடும். நாங்க எல்லாம் நரம்புத் தளர்ச்சி, வயசுன்னு சொல்லிட்டு திரிஞ்சோம்.

டாக்டர் பெருசா ஒண்ணும் பண்ணல. ரெண்டு விரலையும் தட்டிட்டே இருக்கச் சொன்னாரு, பத்து தட்டு தாண்டறதுக்குள்ள வலது கை சுருங்கிப் போச்சு. வராண்டால நடக்க விட்டாரு, இடது கை வீசுது, வலது கை உடம்போட ஒட்டிக்கிட்டே வருது, இத்தனை நாள் கூடவே நடந்திருக்கேன், எனக்குத் தெரியல.

அப்புறம் மாத்திரைப் பைய மேசையில கொட்டி ஒண்ண மட்டும் தனியா எடுத்து வெச்சாரு. தலைசுத்தலுக்குன்னு ரெண்டு வருஷமா அப்பா பாட்டுக்கு மெடிக்கல்ல வாங்கிப் போட்டுட்டு இருந்த சின்னரிசின். "இந்த மாத்திரையும் பார்க்கின்சன்ங்கற மூளை வியாதி மாதிரியே காட்டும்மா. நிறுத்துங்க. ஆனா இதால வந்த ஆட்டமா இருந்தாலும் அடங்க மாசக்கணக்கு ஆகலாம்."

ஜூலை 25

எம்ஆர்ஐ நார்மல். அத்தை போன்லயே சாமிக்கு தேங்கா உடைச்சுட்டாங்க. டாக்டர் ஏற்கனவே சொல்லிட்டாரு, பார்க்கின்சன்ல சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலாதான் வரும், பழைய ஸ்ட்ரோக்கு, கட்டி, மூளைல நீர் கோத்துக்கறது இதெல்லாம் இல்லன்னு பாத்துக்கத்தான் எடுக்கறதுன்னு. அத அத்தைக்கு எப்படி சொல்றது? வீடு இடியாம நிக்குதான்னு எம்ஆர்ஐ பாக்கும் அத்தை, உள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்காதுன்னேன். "நல்ல வார்த்தை பேசுடி"ன்னு வெச்சுட்டாங்க.

மாத்திரையா வியாதியான்னு பிரிச்சுப் பாக்க ட்ரோடாட்னு ஊசி மருந்து போட்டு எடுக்கற மூளை ஸ்கேன் எழுதிக் குடுத்திருக்காரு.

ஆகஸ்ட் 1

காலைல ஆறரைக்கு கிளம்பி போனா, மருந்து கிட் வரலையாம். முந்தின நாள் ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? அப்பா ஒண்ணும் சொல்லல, கேன்டீன்ல பொங்கல் சாப்ட்டு திரும்பி வந்தோம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

சித்ரான்னம் முடிச்சு எல்லாரும் தூங்கினப்புறம் இந்த ஸ்கேன பத்தி உக்காந்து படிச்சேன். நடுமூளைல கருப்பா ஒரு பட்டை, அங்க இருக்கற செல்லுங்க மேல ஸ்ட்ரயேட்டம்ங்கற இடம் வரைக்கும் நூல் விட்டிருக்கு. நூல் நுனில டோபமைன்ங்கற, கை கால் அசைவுக்கு வேணுங்கற ரசாயனத்த வெளிய விடும், மிச்சத்த திருப்பி உறிஞ்சிக்கவும் அங்கயே ஒரு வாசல். ட்ரோடாட் போய் ஒட்டறது அந்த வாசல்ல. அதுல டெக்னீசியம்-99எம் கட்டியிருக்கும், 6 மணி நேரத்துல பாதியாயிடும் கதிரியக்கம். வெளிநாட்டுல இதே வேலைக்கு அயோடின்-123 வெச்ச டாட்ஸ்கேன், அமெரிக்கால 2011ல அனுமதி குடுத்தது. நூல் நுனி செத்திருந்தா வாசல் இல்ல, படத்துல வெளிச்சமும் இல்ல. சின்னரிசின் பண்றது வேற, டோபமைன் போய்ச் சேர்ற எதிர்ப்பக்கத்த அடைக்குது, நூல் அப்படியே இருக்கும், அதனால ஸ்கேன் நார்மலா வரும்.

நார்மலா வரணும்னு வேண்டிக்கிட்டேன். மாத்திரை மேல பழி போட்டுடலாம்.

1817ல ஜேம்ஸ் பார்க்கின்சன்ங்கற டாக்டர் இந்த வியாதிய பத்தி எழுதினது மொத்தமே ஆறு பேர வெச்சு, அதுல சிலர அவரு பாத்தது தெருவுலதான்.

ஆகஸ்ட் 7

கிட் வந்துச்சு. ஊசி போட்டு மூணு மணி நேரத்துக்கு மேல உக்கார வெச்சாங்க. அப்புறம் தலைய ஒரு தொட்டில் மாதிரி இதுல வெச்சு பட்டை கட்டி, ரெண்டு கேமரா மூஞ்சிக்கு ரொம்ப கிட்ட மெதுவா சுத்துது. கண்ணாடி வழியா பாத்தா வயித்து மேல வலது கை மட்டும் பீடி சுத்திக்கிட்டு இருக்கு. தலை ஆடாம இருந்தா போதும்னாங்க. நிறைய தண்ணி குடிக்கணும், இன்னைக்கு குழந்தைய தூக்கக் கூடாது. தங்கச்சி பையன் "தாத்தா"ன்னு ஓடி வந்தவன எல்லாரும் கத்தி நிறுத்தினோம், ஒரே அழுகை, ரெண்டு பேருக்கும்.

ஆகஸ்ட் 9

நார்மல் இல்ல.

டாக்டர் ஸ்க்ரீன திருப்பிக் காட்டினாரு. நல்ல மூளைல ரெண்டு பக்கமும் கமா மாதிரி தெரியணுமாம். அப்பாவுக்கு வலது பக்கம் கமா வால் மங்கல், இடது பக்கம் வாலே காணோம், வெறும் புள்ளி. வலது கைக்கு இடது மூளைதானே. அப்பா முப்பது வருஷம் பிரஸ்ல ப்ரூஃப் பாத்தவரு, கண்ணாடிய தூக்கிப் பாத்துட்டு, "காற்புள்ளி போட வேண்டிய எடத்துல முற்றுப்புள்ளி போட்ருக்கான்"னாரு. டாக்டருக்கு சிரிக்கறதா வேணாமான்னு தெரியல.

நான் கேட்டேன், அப்போ பார்க்கின்சன் கன்ஃபர்மா சார்னு. அதத்தான் இந்தப் படம் சொல்லாதுன்னாரு. நூல் போயிருக்கு, மாத்திரை மட்டும் காரணம் இல்ல, அவ்வளவுதான். எம்எஸ்ஏ, பிஎஸ்பின்னு இதே கூட்டத்துல வேற வியாதிங்க இருக்கு, அதுலயும் புள்ளிதான் வரும். ஒரு பக்கம் ஆரம்பிச்சது, சும்மா இருக்கும்போது ஆடறது, டோபமைன ஈடுகட்டற லெவோடோபா மாத்திரைக்கு கை எப்படி கேக்குதுங்கறது இதெல்லாம் சேத்துதான் பேர் வைக்க முடியுமாம். இத்தனை அலைச்சலுக்கு அப்புறமும் அன்னைக்கு வராண்டால நடக்க விட்டதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி போல.

ஆகஸ்ட் 25

லெவோடோபா கார்பிடோபா அரை அரை மாத்திரையா மூணு வேளை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும், பருப்பு தயிர்ல இருக்கற புரோட்டீன் மாத்திரைய உள்ள விடாம போட்டி போடுமாம், அதனால டைம் பாத்து சாதம் போடறது இப்ப அம்மா வேலை. காலைல கொஞ்சம் குமட்டுது. சட்டை பட்டன் நேத்துலேர்ந்து அவரே போட்டுக்கறாரு, மேல் பட்டன் மட்டும் இன்னும் என்னக் கூப்பிடறாரு. அடுத்த விசிட் செப்டம்பர்ல.