வராத மின் நிலையத்தின் பட்டியலிலிருந்து அம்மாவின் புஞ்சையை வெளியே எடுத்த விதம்

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு மின் நிலையம் வரப்போகிறது என்றால் அதைச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. ஜீப் வரும், சர்வே கல் நடுவார்கள், பேப்பரில் படத்தோடு போடுவார்கள், ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று டீக்கடையில் பேச்சு ஓடும். அதே திட்டம் வேண்டாம் என்று ஆகிவிட்டால் மட்டும் யாரும் வந்து சொல்வதில்லை. திட்டம் போய்விடும், அதற்காக எழுதிய காகிதங்கள் அப்படியே இருக்கும். அப்படி ஒரு காகிதத்தில்தான் எங்கள் அம்மாவின் புஞ்சை மாட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி வெளியே எடுத்தோம் என்பதை, இதே சிக்கலில் இருக்கிற மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் பேசப்பட்ட திட்டத்தின் பெயரோ ஆபீஸ்களின் பெயரோ இதில் இருக்காது. போகவேண்டிய வழி எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நிலம் கடலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. முண்டு மிளகாய் போடுவோம், மழை ஏமாற்றாத வருடத்தில் நெல்லும் உண்டு. அப்பா போன பிறகு அம்மா, தான் நன்றாக இருக்கும்போதே அக்காவுக்கும் எனக்கும் தம்பிக்கும் பிரித்து எழுதிவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருந்தார். பத்திரம் எழுதுகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பட்டாவும் அம்மா பெயரில் சரியாக இருந்தது. டோக்கன் எடுத்து, மூன்று பேரும் லீவு போட்டு, சார்பதிவாளர் முன்னால் போய் நின்றால், "இந்த சர்வே நம்பர் மின் திட்டத்துக்கு எடுக்கிற லிஸ்ட்ல இருக்கு, பதிய முடியாது" என்றார்.

"அந்தத் திட்டந்தான் வரலைன்னு ஆயிப்போச்சே ஐயா" என்று அம்மா கேட்டார்.

"வரலைன்னு எங்களுக்குக் கடிதம் வரலையேம்மா. வந்தா நாளைக்கே பதிஞ்சு குடுத்துடுறேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் மேஜைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதை ரத்து செய்து இன்னொரு கடிதம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த இன்னொரு கடிதத்தை யார் எழுத வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

இதில் இறங்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மின் நிலையத்துக்குக் குறைந்தது நாலு கோப்பு இருக்கும், நாலும் நாலு இடத்தில் இருக்கும். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலக்கரி நிலையம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி டெல்லியில் உள்ள அமைச்சகத்தில். நிலம் வருவாய்த்துறையில். கட்டுமான ஒப்பந்தமும் கடனும் திட்டத்தை நடத்துகிறவர் கையில். கடற்கரையை ஒட்டி வேலை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தனியாக ஒன்று. பேப்பரில் "திட்டம் ரத்து" என்று வருகிற செய்தி பெரும்பாலும் இந்த நாலில் ஏதோ ஒன்றைப் பற்றியது. மிச்சம் மூன்றும் உயிரோடுதான் இருக்கும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு உப்பூர் கதை தெரியும். இரண்டு அலகு, அலகுக்கு 800 மெகாவாட், மொத்தம் 1,600. 2016-இல் கொதிகலன், டர்பைன் வேலையெல்லாம் பெல் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். கண்மாயும் வரத்துக் கால்வாயும் கெட்டுப்போகும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள், கடலுக்குள் பாலம் கட்டினால் வலை விரிக்க இடம் இருக்காது என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அதே வருடம் திட்டத்தை உடன்குடிக்கு மாற்ற மின் வாரியம் முடிவெடுத்த செய்தியும் வந்தது. இங்கே நிம்மதிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உடன்குடியில் ஏற்கெனவே 660 மெகாவாட்டில் இரண்டு அலகு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் கடல் இருக்கிறது, அங்கேயும் நம்மைப் போன்ற சனம்தான். ஓர் ஊரில் எடுத்ததை இன்னோர் ஊரில் வைப்பதைக் கேட்டுவிட்டு என்னால் சந்தோஷமாகத் தூங்க முடியவில்லை.

ஆபீஸ்களில் காத்திருந்த நேரத்தில் நாடு முழுக்க இப்படிப் பேசப்பட்டு நின்றுபோன திட்டங்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒவ்வொன்றும் நின்றதற்குக் காரணம் வேறு வேறாக இருந்தது, அதனால் அதன் பின்விளைவும் வேறு வேறாக இருந்தது. ஆந்திராவின் கிருஷ்ணபட்டணத்தில் 4,000 மெகாவாட் திட்டம் 2011-இல் நின்றதற்குக் காரணம் இந்தோனேசியா நிலக்கரி விலை விதியை மாற்றியது. ஜார்க்கண்டின் திலையா திட்டமும் அதே அளவுதான், நிலம் கைக்கு வரவில்லை என்று எடுத்த கம்பெனியே 2015-இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. நம் செய்யூரிலும் 4,000 மெகாவாட் பேசினார்கள், டெண்டர் வரைக்கும் போய் நின்றுவிட்டது. மேற்கு வங்கத்தின் ஹரிப்பூர் அணுமின் நிலையம் 2011-இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று ஆனது. குஜராத்தின் மிட்டி விர்டியில் கட்ட இருந்த அணு உலைகளை ஆந்திராவின் கொவ்வாடாவுக்குத் தூக்கிப்போனார்கள், உப்பூர்–உடன்குடி கணக்கேதான்.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் உலுக்கியது சோம்பேட்டா. ஸ்ரீகாகுளம் மாவட்டம், கடலோரச் சதுப்பு நிலம், விவசாயிகளும் மீனவர்களும் சேர்ந்து போராடிய இடம். 2010 ஜூலை 14 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அந்தச் சமயத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி ரத்தானது. ஆனால் நிலத்தை ஒதுக்கிய அரசாணை உடனே ரத்தாகவில்லை, அதற்கு இன்னும் பல வருடம் அந்தச் சனம் போராட வேண்டியிருந்தது. உயிரைக் கொடுத்து ஒரு கோப்பை மூடியவர்கள் அடுத்த கோப்புக்காகத் திரும்பவும் தெருவில் உட்கார்ந்தார்கள். இதைப் படித்த பிறகுதான் எங்கள் புஞ்சை விஷயத்தில் "திட்டம் என்ன ஆச்சு" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, நிலக் கோப்பை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன்.

நிலக் கோப்பில் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள் என்பது. தமிழ்நாட்டில் 2013-ஆம் வருடத்து மத்தியச் சட்டமும் உண்டு, தொழில் திட்டங்களுக்கு நிலம் எடுக்கிற 1997-ஆம் வருடத்து மாநிலச் சட்டமும் உண்டு. வந்த நோட்டீஸில் 3(2) என்று போட்டிருந்தால் மாநிலச் சட்டம், 11(1) என்று போட்டிருந்தால் 2013 சட்டம். நோட்டீஸைத் தொலைத்துவிட்டவர்கள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேளுங்கள், யாராவது ஒருவர் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். எங்களுடையது 11(1). அந்த அறிவிக்கை வந்த நாளிலிருந்து நிலத்தை விற்கவோ எழுதவோ கூடாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது, சார்பதிவாளர் மறுத்தது அதனால்தான். ஆனால் அதே சட்டத்தில் 19-ஆம் பிரிவும் இருக்கிறது. அறிவிக்கை வந்து 12 மாதத்துக்குள் பிரகடனம், அதாவது இந்த நிலத்தை எடுப்பது உறுதி என்கிற அடுத்த அறிவிப்பு, வராவிட்டால் அறிவிக்கை தானாகவே காலாவதி. அரசு காரணம் எழுதி நீட்டிக்கலாம், அப்படி நீட்டித்திருந்தால் அதற்கும் காகிதம் இருக்க வேண்டும். ஆக, எங்கள் சர்வே எண்ணுக்குப் பிரகடனம் வந்ததா, வரவில்லையா என்பதுதான் ஒரே கேள்வி.

கிராம நிர்வாக அலுவலர் புதியவர், அவருக்குத் தெரியவில்லை. தலையாரி பழைய ஆள். "வா தம்பி, கல்லைக் காட்டுறேன்" என்று கூட்டிப்போனார். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தில் புகுந்து, முள்ளை வெட்டி ஒதுக்கி, நட்ட கல் ஒவ்வொன்றாகக் காட்டினார். எங்கள் புஞ்சைக்கு மேற்கே வரத்துக் கால்வாயோடு கல் நின்றுவிட்டது. எல்லையைப் பிறகு உள்ளே தள்ளிவிட்டார்கள் என்று அவர் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது மனசுக்குத் தெம்பு, ஆபீஸில் செல்லாது. காகிதம் வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். மனுவில் திட்டம் ரத்தா, ஏன் ரத்து என்றெல்லாம் கேட்காதீர்கள், "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். காகிதத்தின் நகலைக் கேளுங்கள். நான் கேட்டது இவைதான்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண் குறித்து வெளியான 11(1) அறிவிக்கையின் நகல், 19-ஆம் பிரிவுப் பிரகடனத்தின் நகல், நீட்டிப்பு ஆணை இருந்தால் அதன் நகல், அவார்டு (இழப்பீட்டை முடிவு செய்கிற ஆணை) நகல், பதிவுத்துறைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் அதன் நகல். கடைசி இரண்டும்தான் எங்களைக் காப்பாற்றியது, அதனால் யாரும் இவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஓர் ஆபீஸ் இது எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதியது. அந்த மாதிரி எழுதிவிட்டு சும்மா இருக்க முடியாது, எந்த ஆபீஸுக்குச் சம்பந்தமோ அங்கே ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது, அதைக் குறிப்பிட்டுத் திருப்பி எழுதினேன். இன்னோர் ஆபீஸ் முப்பது நாள் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை, முதல் மேல்முறையீடு போட்டேன், அதற்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு கோப்பை நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. அந்தப் பிரிவு எழுத்தர் நல்ல மனுஷி. கட்டை அவிழ்த்துக் கொடுத்து, உட்கார நாற்காலியும் போட்டு, "எங்க ஊரும் கடலோரம்தான் தம்பி, நிதானமாப் பாருங்க" என்றார்.

அறிவிக்கையில் எங்கள் எண் இருந்தது. பிரகடனத்தில் இல்லை. தலையாரி சொன்ன மாதிரியே கால்வாய்க்குக் கிழக்கே உள்ள எண்களை எடுத்துவிட்டுத்தான் பிரகடனம் போட்டிருக்கிறார்கள். பதிவுத்துறைக்குப் போன கடிதமோ முதல் பட்டியலை வைத்து எழுதியது. பட்டியல் சுருங்கியதும் இன்னொரு கடிதம் அனுப்ப வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அம்மா மட்டுமில்லாமல், கால்வாய்க்குக் கிழக்கே இருக்கிற எல்லோருடைய நிலமும் இத்தனை வருடம் விற்க முடியாமல், அடமானம் வைக்க முடியாமல், பிள்ளைக்கு எழுத முடியாமல் முடங்கிக் கிடந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்க முடியாமல் வட்டிக்கு வாங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது அந்த அறையில்.

நகல்களை எடுத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட எல்லா சர்வே எண்ணையும் ஒரே மனுவில் போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பின்னால் விசாரிக்க முடியாது. பிறகும் நடை இருந்தது, ஆனால் அறிவிக்கையையும் பிரகடனத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. பதிவுத்துறைக்குக் கடிதம் போனது. அந்த சார்பதிவாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மா கைரேகை வைத்தார், பத்திரம் பதிவானது.

கால்வாய்க்கு மேற்கே இருக்கிறவர்கள் கதை வேறு, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கையகப்படுத்திய நிலத்தை எடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் பயன்படுத்தாவிட்டால் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ போக வேண்டும் என்று 2013 சட்டத்தின் 101-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த "நில வங்கிக்கோ" என்பதில்தான் ஆபத்து, இன்னொரு திட்டத்துக்கு அப்படியே கொடுத்துவிடலாம். என் சித்தப்பா பேச்சுவார்த்தையில் கிரயமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார், அவரால் 101-ஐக் காட்டவே முடியாது என்று வக்கீல் சொன்னார். அவர் நிலத்தில் இன்று கருவேலம்தான் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் அவர் தினமும் ஆடு மேய்க்கப் போகிறார். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையத்தை 2016-இல் விட்டார்கள், 2025-இல் அதே சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். சூரிய மின்சாரம் நல்லதுதான், நம் கமுதியிலும் 648 மெகாவாட் இருக்கிறது. நிலம் கொடுத்தவரை இரண்டாவது தடவை கேட்டார்களா என்பதுதான் என் கவலை.

இப்போது பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் கேட்கிறார்கள், "உங்களுக்கு சர்வே நம்பர் இருந்துச்சு தம்பி, எங்க கடலுக்கு எந்த நம்பரைப் போட்டுக் கேக்கிறது?" குழாய், பாலம், இறங்குதுறை எல்லாம் கடலோர ஒழுங்குமுறை அனுமதியில் வரும், அதற்கு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் கூட்டக் குறிப்பில் பரிந்துரை இருக்கும். அந்தக் குறிப்பின் நகலும், அனுமதி எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரமும் கேட்டு அவர்கள் சங்கத்தின் பெயரில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் அதையும் எழுதுகிறேன். இதற்கிடையில் கால்வாய்க்குக் கிழக்கே நிலம் உள்ளவர்கள் பிரகடன நகல் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன்.