அனுப்பியவர் பெயர் அழியக் கூடாது

வியாசர்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் தமிழ்ப் பிழைதிருத்திக்கு, தண்டையார்பேட்டைக் கல்லூரி மாணவி ஒருவர், ‘முயற்ச்சி’ போன்று ‘ற்’ என்ற மெய்யையடுத்து இன்னொரு மெய் வருவதைப் பிழையெனக் காட்டும் திருத்தத்தை மின்னஞ்சலில் பேட்ச் கோப்பாக (மாறிய வரிகளை மட்டும் காட்டும் கோப்பு) அனுப்பியிருந்தார். மிக நல்ல வேலை.

அதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (git) மென்பொருளின் ‘கிட் அப்ளை’ (git apply) கட்டளையால் சேர்த்தால் கோப்புகள் மட்டுமே மாறும்; பிறகு நாம் வழக்கம்போல் கமிட் செய்கையில், அதாவது மாற்றத்தைப் பதிகையில், எழுதியவர் என்ற இடத்தில் நம் பெயரே ஏறிவிடும். ‘கிட் ஏஎம்’ (git am) கட்டளையோ அவருடைய பெயர், தேதி, விளக்கக் குறிப்பு ஆகியவற்றை அப்படியே காத்து, சேர்த்தவர் என்ற இடத்தில் மட்டும் நம் பெயரை இடுகிறது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கியபோதே இவ்விரண்டு இடங்களையும் தனித்தனியாக வைத்துவிட்டார்.

இதற்கிடையில் நம் நிரலின் முதன்மை வடிவமான மெயின் கிளை முன்னேறியிருந்து, பேட்ச் பொருந்தாமல் நின்றால், ‘கிட் ஏஎம்’ கட்டளையுடன், மும்முனை ஒப்பீட்டில் இணைக்கச் சொல்லும் ‘-3’ என்பதையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். மோதும் வரிகளை மட்டும் கையால் சரிசெய்து, ‘கிட் ஆட்’ (git add) செய்து, ‘git am --continue’ கொடுத்தால் போதும், எழுதியவர் பெயர் மாறாது.