வரலாறு சாருக்க மஞ்சாடி

தக்கலைப் பக்கத்து நம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சார் மேசை மேல் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். பாதி வரைக்கும் சிவப்பு மஞ்சாடி விதை. (அவர் வீட்டு முற்றத்திலேயே மரம் நின்றதால் செலவு கிடையாது.) சரியான பதிலுக்கு ஒரு மஞ்சாடி. மிட்டாய்க்கோ பேனாவுக்கோ அதை மாற்ற முடியாது. அதைக் கொடுத்தால் மறுநாள் வகுப்பைப் பார்த்து நாம் ஒரு கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். யாருக்கும் பதில் தெரியாவிட்டால் இரண்டாகத் திரும்பி வரும். தெரிந்துவிட்டால் சொன்னவனுக்குப் போகும்.

இதற்காகவே பரீட்சைக்குக்கூடத் தொடாத புத்தகத்தை ராத்திரி புரட்டினோம். குளச்சல் போர் 1741, கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயிற்று. அப்புறம் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் சைக்கிளை மிதித்து உதயகிரிக் கோட்டைக்கே போனான். குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்டு, பிறகு அந்தப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. "அந்தக் கல்லுல எத்தன மொழியில எழுதியிருக்கு?" என்று மறுநாள் கேட்டான். முதல் ரேங்க்காரர்கள் முழித்தார்கள். லத்தீன், தமிழ் என இரண்டு. "கொள்ளாம்லே மக்கா" என்றார் சார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா மஞ்சாடியும் பாட்டிலுக்குத் திரும்பிவிடும். திங்கட்கிழமை எல்லோரும் பூஜ்யம். பின்தங்கியவனும் மறுபடி ஆட வந்தது அதனால்தான்.

இங்கே துபாயில் அலுவலகப் பயிற்சிக்கெல்லாம் பாயிண்ட், பேட்ஜ், தரவரிசை. மேலே இருக்கும் சிலர் முட்டி மோதுகிறார்கள். மற்றவர்கள் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். என் மகளோ மொழி கற்கும் செயலியில் நாள் கணக்கு அறுந்துவிடக் கூடாதென்று, இருப்பதிலேயே எளிதான பாடத்தை நள்ளிரவுக்குள் முடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் பரிசு ஆர்வத்தை என்ன செய்கிறது என்று நர்சரிப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்னமே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. சாருக்கு இந்த ஆய்வெல்லாம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் பாடத்துக்கு வெளியே பரிசைத் தேடாமல், இன்னொரு கேள்வியையே பரிசாக வைத்தார்.

பள்ளிக்கு வினாடி வினா செயலி வாங்கித் தரலாம் என்று நம் பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. சரி, வாங்கலாம். கேள்வி எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுகிற மாதிரி, வாராவாரம் மதிப்பெண்ணை அழிக்க வசதியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பரிசுத் தொகைக்கு ஒதுக்கிய பணத்தில் பிள்ளைகளை உதயகிரிக்கு வேனில் கூட்டிப்போகலாம்.