ஏழு லப்டொப், ஒரு பீட்டா

2024 ஏப்ரல் 11, வியாழன்

வாசிகசாலைக்கு ஏழு பழைய லப்டொப் வந்திருக்கின்றன. கடற்கரைப் பக்கம் ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை மாஸ்டர் கேட்டு வாங்கி, ஓட்டோவில் ஏற்றி, நேரே என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். "தம்பி, லீவு முடியப் பிள்ளையள் கேட்பினம். பாத்துச் செய்யும்." எனக்குக் கணக்குப் படிப்பித்த மனிசன். மறுக்க வாய் வருமா?

செயலியைப் பார்த்தால், கோர் ஐ3 இரண்டு. கோர் 2 டூவோ மூன்று, மூன்றும் ஒரே மொடல். இரண்டு சின்ன நெட்புக். எதிலும் வன்தட்டு பழையதுதான், எஸ்எஸ்டி கிடையாது. விண்டோஸ் 7 திறக்கவே ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம்.

பழைய கணினிக்கும் ஏற்ற இலேசான உபுண்டு லினக்ஸான லுபுண்டு போடுவது என்று முடிவு. லுபுண்டுவில் எந்தப் பதிப்பு என்பதில்தான் யோசனை. 22.04 போட்டால் அடுத்த ஏப்ரலோடு அதன் ஆதரவுக் காலம் முடிகிறது, திரும்ப ஏழையும் என் வாசலில் இறக்குவார்கள். 24.04 என்றால் 2027 ஏப்ரல் வரைக்கும் கவலையில்லை. ஆனால் அது வெளிவருவது 25ஆம் தேதி, இப்போது இருப்பது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. புத்தியுள்ளவன் இரண்டு கிழமை பொறுப்பான். எனக்கு லீவு இப்போதுதான். பீட்டாவைப் போட்டுவிட்டு நாளாந்தப் புதுப்பித்தல்களை ஏற்றிக்கொண்டே போனால், 25ஆம் தேதி அது தானாகவே முழு வெளியீடாகிவிடும், மறுபடி நிறுவத் தேவையில்லை.

இந்த பீட்டாவே 4ஆம் தேதி வந்திருக்க வேண்டியது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்தது மார்ச் 29இல் வெளியே வந்ததால், அந்தக் கதவு உள்ளே புகுந்த பிறகு கட்டிய மென்பொருள் பொதிகளை எல்லாம் புதிதாகக் கட்டிவிட்டு இன்றைக்குத்தான் விடுகிறார்கள். அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், உள்நுழைய அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டப் போனவராம். அரை விநாடி! எங்கள் லப்டொப்களில் அரை மணி கூடினாலும் ஒருவருக்கும் தெரியாது.

ஏப்ரல் 12, வெள்ளி

நிறுவுவதற்கான படிமக் கோப்பு ஏறக்குறைய மூன்று ஜிபி. பகல் டேட்டாவைத் தொடாமல் நள்ளிரவு கழிய இறக்கத் தொடங்கினேன். இரண்டு தடவை அறுந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி இறக்கும் கருவியான டபிள்யூகெட்டிடம் சொல்லி வைத்திருந்ததால் மோசமில்லை. விடிய, இறங்கிய கோப்பு பழுதில்லையா என்று ஷா256 கூட்டுத்தொகை பார்த்தேன், அட்சரம் பிசகாமல் பொருந்தியது. அக்காவின் மகன் வந்து பென்ரைவில் எழுதினான். அவன்தான் இனி என் உதவியாள், சம்பளம் ரோல்ஸும் சோடாவும்.

ஏப்ரல் 13, சனி

காலையில் ஐ3 இரண்டும் ஒரு சத்தமுமில்லாமல் ஏறிவிட்டன. வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் எல்லாம் சரி. பீட்டாவை எல்லாரும் சும்மா பயங்காட்டுகிறார்கள் என்று மருமகனிடம் பெரிய கதை கதைத்தேன்.

பின்னேரம் கோர் 2 டூவோ ஒன்றை எடுத்தோம். கோப்புகளைப் பிரித்து வைக்கிற கட்டத்தில், 37 வீதத்தில் நிறுவும் நிரலே, அதாவது நிறுவி, செத்தது. திரும்பப் போட்டோம், 52இல் செத்தது. மூன்றாம் தரம் 20ஐக்கூடத் தாண்டவில்லை.

"பீட்டா எண்டா இப்பிடித்தான் மாமா" என்றான். காலையில் நான் கதைத்த கதை எனக்கே மறந்துபோனது. ஓமடா, பீட்டாதான் என்றேன்.

இரவு புது வருஷம் பிறந்தது. கோயிலில் வாங்கி வந்த மருத்துநீரை அக்கா தலையில் தேய்த்துவிட்டார். தலை காயமுதலே உட்கார்ந்து, உபுண்டுவின் பிழைகளை முறையிடும் தளமான லோஞ்ச்பாடில் வழு அறிக்கை எழுதினேன்: நிறுவி இடையில் முறிகிறது, மூன்று தடவையும் அப்படித்தான், என் தரப்பில் பிழை இல்லை. பிறந்த வருஷத்தின் பெயர் குரோதி. பெயருக்கேற்ற கைங்கரியம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டைக்குள் ஏறும்போது மான் ஒன்று மருமகன் கையிலிருந்த பையை இழுத்து, அருச்சனைக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் இரண்டைத் தின்றுவிட்டது. கோட்டை மான்களுக்கு எங்கள் எல்லாரையும் விடப் பழைய உரித்து.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அறிக்கைக்குப் பதில் வந்திருக்கிறது. முகம் தெரியாத யாரோ, மிகவும் மரியாதையாக, இரண்டே கேள்வி: தொடக்கத்தில் ஓடும் கோப்புச் சோதனை என்ன சொன்னது? நினைவகத்தைச் சோதித்தீர்களா?

எனக்குக் காது சூடேறியது. உபுண்டுக் குடும்பப் படிமங்கள் பென்ரைவில் இருந்து எழும்பும்போதே தங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். கன்ட்ரோலும் சியும் அழுத்தினால் சோதனையைத் தவிர்க்கலாம் என்று அடியில் ஒரு வரி வரும். நேரம் மிச்சம் என்று ஒவ்வொரு தரமும் அதைத்தான் அழுத்தினேன். ஐ3 இரண்டிலும்கூட. அரை விநாடிக்காக மினக்கெட்ட மனிசனைப் பற்றி மூன்று நாளுக்கு முன்னர்தான் இங்கே எழுதினேன்.

இன்று அழுத்தாமல் விட்டேன். முதல் தரம் இரண்டு கோப்பில் பிழை என்றது. அதே பென், அதே லப்டொப், இரண்டாம் தரம் ஐந்து கோப்பில் பிழை. பென்னை ஐ3இல் குத்தினால் ஒன்றிலும் பிழையில்லை. பிழை ஒவ்வொரு தடவையும் இடம் மாறுகிறது என்றால் பென்னைச் சந்தேகிக்க நியாயமில்லை, நினைவகத்தைத்தான் பார்க்க வேண்டும். மெம்டெஸ்ட்86+ ஓட்டினேன். ஐந்து நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு.

அடிமூடியைக் கழற்றினோம். நினைவகச் சட்டங்களின் பொன் பூசிய பற்களில் மங்கலாக ஒரு படலம். அந்த அலுவலகத்தின் யன்னல் கடலைப் பார்த்தபடி இருந்ததாக மாஸ்டர் சொல்லியிருந்தார். இந்த ஊரில் சைக்கிள் சங்கிலி, கதவுப் பிணைச்சல், ஆணி என்று உப்புக்காற்று எதைத்தான் விட்டது? மருமகனின் பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்த வெள்ளை அழிறப்பரால் பற்களை மெல்லத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டுத் திரும்பச் செருகினோம். மெம்டெஸ்ட் இரண்டு முழுச் சுற்று ஓடியது, ஒரு சிவப்பும் இல்லை. லுபுண்டு 20, 37, 52 எல்லாவற்றையும் தாண்டிப் போய் முடிந்தது.

அறிக்கையைத் திறந்து, 'செல்லாது' என்று நானே நிலையை மாற்றி, மன்னிப்பும் கேட்டேன். மருமகனுக்குக் கைவிசேஷம் நூறு ரூபாய் கொடுத்திருந்தேன். "அழிறப்பருக்கும் தாங்கோ" என்கிறான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

மற்ற இரண்டு கோர் 2 டூவோவிலும் முதலில் அழிறப்பர், பிறகுதான் பென்ரைவ். இரண்டும் ஏறின. ஆனால் மூன்றுக்கும் பொதுவாக இன்னொரு வியாதி: ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பயோஸ் என்ற தொடக்க நிரல் கறுப்புத் திரையில் நின்று எஃப்1 கேட்கிறது. அமைப்புகளை மறந்துவிட்டதாம். தேதி 2009 ஜனவரி 1. அந்த வருஷத்துக்குத் திரும்பிப் போக இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஆசையில்லை.

தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ மின்கலம், சிஆர்2032, செத்துவிட்டது. லினக்ஸ் எழும்பிய பிறகு நேரம் 2009 என்று காட்டாமல் இந்த வருஷத்துத் தேதி ஒன்றைக் காட்டியதுதான் முதலில் குழப்பியது. லினக்ஸைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி, தான் கட்டப்பட்ட நாளுக்கு முந்திய நேரத்தை நம்பாது. அப்படி ஏதும் கண்டால் கடிகாரத்தைத் தன் நாளுக்கு முன்னே தள்ளிவிடும். பிறகு இணையம் கிடைத்ததும் சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே லினக்ஸுக்குப் பெரிய நட்டமில்லை. எஃப்1 அழுத்த ஆள் வேண்டும் என்பதுதான் தொல்லை.

லப்டொப்பில் இந்த மின்கலம் இரண்டு வயரோடு உறைக்குள் வருகிறது. பட்டினத்தில் அந்தச் சாமான் கிடைக்கவில்லை. மணிக்கூட்டுக் கடையில் வெறும் மின்கலம் மூன்று வாங்கி, பழையதன் தகடுகளை உரித்து, புதியதில் வைத்து இன்சுலேஷன் ரேப்பால் இறுக்கச் சுற்றினோம். இரண்டு சரிவந்தன. மூன்றாவதன் தகடு உரிக்கும்போதே முறிந்துபோனது.

ஏப்ரல் 18, வியாழன்

நெட்புக் நாள். முதலாவதில் ஆட்டம் என்450 செயலி, இரண்டு ஜிபி நினைவகம். லுபுண்டு எழும்பியது, ஆனால் நிறுவியின் அடுத்த பொத்தானைக் காணோம்! திரை 1024க்கு 600, சாளரம் அதைவிட உயரம், பொத்தான் பூமிக்குள். மருமகன் திரையைக் கீழே குனிந்து பார்த்தான் (உண்மையாகவே பார்த்தான்). ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்திலும் சுட்டியால் இழுத்தால் மேலே தூக்கலாம். தூக்கினோம், பொத்தான் வந்தது.

அதில் குறைந்தபட்ச நிறுவலைத் தேர்ந்தேன். இந்த 24.04இல் முழு, சாதாரண, குறைந்தபட்ச என்று மூன்று வகை வைத்திருக்கிறார்கள். கடைசி வகையில் ஸ்னாப் என்ற பொதி முறை வராது, ஃபயர்பொக்ஸும் வராது. பழைய வன்தட்டில் ஸ்னாப் ஃபயர்பொக்ஸ் முதல் தடவை திறப்பதை ஐ3இலேயே பார்த்துவிட்டேன், போதும். மொசில்லாவே இந்த ஜனவரியில் 122ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப் இல்லாத வழக்கமான டெப் பொதி தருகிறது. அதைப் போட்டேன், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டாவது நெட்புக் எழும்பவேயில்லை. இந்த லினக்ஸ் கருவுக்கு 64 பிட் செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆட்டம் என்270, 2008ஆம் ஆண்டுச் சரக்கு, 32 பிட் மட்டும். லுபுண்டு 19.04 முதல் 32 பிட்டுக்குப் படிமமே விடுவதில்லை. மருமகன் வாயைத் திறக்க முதலே "பீட்டா இல்லை" என்றேன். டெபியன் 12 என்ற வேறு லினக்ஸின் 32 பிட் படிமத்தை இன்றிரவு இறக்க வேண்டும், எல்எக்ஸ்டிஇ என்ற இலேசான மேசைச் சூழலோடு. ஒரு ஜிபி நினைவகத்துக்கு அதுவே கூட.

ஏப்ரல் 20, சனி

கோர் 2 டூவோ மூன்றிலும் வைஃபை இல்லை. வைஃபை சில்லுக்குள் ஏற்றவேண்டிய நிரலான ஃபெர்ம்வேரைப் படிமத்தோடு விநியோகிக்க உரிமம் இடம் கொடுப்பதில்லை. அதனால் பி43 நிறுவிப் பொதி ஒன்று இருக்கிறது, அது ஃபெர்ம்வேரை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். அதாவது இணையம் கிடைக்க முதலில் இணையம் வேண்டும். மருமகனின் போனை யுஎஸ்பி வயரால் பொருத்தி, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டவுடன் கம்பி இணைப்புப் போலப் பிடித்துக்கொண்டது. மூன்றுக்கும் ஆளுக்குப் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் பின்னணியில் பீட்டாவின் புதுப்பித்தல்களும் இறங்கி அவனுடைய கிழமை டேட்டாவைத் தின்றுவிட்டன. கத்தினான். நியாயம்.

ஆறு இயந்திரமும் ஒரே பொதிகளைத் தனித்தனியாக இறக்குவது பைத்தியக்காரத்தனம். ஒன்றில் இறக்கி, இறக்கியதை வைக்கும் சேமிப்பகத்திலிருந்து டெப் கோப்புகளைப் பென்னில் மற்றவைக்குக் கொண்டுபோகலாம் என்று போய்ப் பார்த்தால் அடைவு வெறுமை. ஆப்ட் என்ற கட்டளை நிறுவி முடிந்ததும் இறக்கியதை அழித்துவிடும், ஆப்ட்-கெட் என்று போட்டால்தான் வைத்திருக்கும். இத்தனை வருஷம் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். டேட்டா போன பிறகு வந்த ஞானம்.

ஏப்ரல் 23, செவ்வாய், போயா

லீவு நாள் என்பதால் மாஸ்டர் வந்தார். தன் பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்தார். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. "தம்பி, இந்தப் புதுச் சாமானுக்குத் தமிழ் தெரியாதோ?"

சாமான்மேல் பிழையில்லை. இருபது வருஷ வினாத்தாள் அத்தனையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. பாமினி ஒருங்குறி (யூனிகோட்) இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். அவரது பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து எழுத்துரு அடைவில் போட்டேன். வினாத்தாள் தமிழானது.

புதிதாக அடிப்பதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியைப் போட்டு, அதன் எம்17என் பட்டியலில் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தேன். பிள்ளைகள் ஒருங்குறியில் பழகட்டும். மாஸ்டர் இரண்டு வரி அடித்துப் பார்த்து, "எனக்குப் பாமினியே காணும்" என்றார்.

ஏப்ரல் 26, வெள்ளி

நேற்று 24.04 முழுதாக வெளிவந்தது. இன்று ஐ3 ஒன்றில் புதுப்பித்தலை இறக்கி (ஆப்ட்-கெட்டால்), மற்ற ஐந்துக்கும் பென்னில் கொண்டுபோனேன். மறுதொடக்கம் செய்து பார்த்தால் பீட்டா என்ற பேச்சே எங்கும் இல்லை. ஏழாவது நெட்புக் டெபியனில் ஆறுதலாக ஓடுகிறது, யூரியூப் மட்டும் கேட்கக்கூடாது.

பின்னேரம் ஓட்டோவில் வாசிகசாலைக்கு ஏற்றினோம். தகடு முறிந்த மூன்றாவது லப்டொப்பின் மூடியில் மருமகன் பிளாஸ்டர் ஒட்டி எழுதியிருக்கிறான்: "எஃப்1 அமத்தவும். பீட்டா இல்லை, பற்றறி."